உறங்குகின்றதா, அணைந்ததா?

சென்ற அக்டோபரில் நம் சங்க அறையில் நிகழ்ந்த விபரீதம் பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். புதுமுகங்களுக்காக மீண்டும் சொல்லுகிறேன். குற்றவாளி நானே ஆதலால் சொல்லும் கடமையும் எனக்கே உரியது.

சனிக்கிழமை இரவு படம் முடிந்தபின் நண்பர் சிலர் பழைய பாட்டுக்கள் கேட்க விரும்பினர். 24 மணி நேரமும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நேரலையைப் போட்டோம். 11 மணிக்கு எல்லோரும் எழுந்தனர். சாவி என்னிடம் இருந்தது. தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து அழுத்தினேன், திரை இருண்டது. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு விடுதிக்குச் சென்று நிம்மதியாக உறங்கினேன். திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு மறுபடி கதவைத் திறந்தபோது, முதலாண்டு மாணவர் இருவர் என் பின்னாலேயே வந்து, இணையம் ஆமைபோல் ஊர்கிறது, ஊருக்குப் பேச முடியவில்லை என்று முறையிட்டனர். அறையின் ரூட்டருக்கு மாதம் 100 கிகாபைட்டுத்தான் அளவு. மாதம் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை; அவ்வளவும் தீர்ந்திருந்தது. திரையைப் போட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது!

கணக்கு எளிது. தெளிவான படத்துடன் ஓடும் நேரலை மணிக்கு ஏறக்குறைய 3 கிகாபைட்டு விழுங்கும். சனி இரவு 11 முதல் திங்கள் மாலை 5 வரை 42 மணி நேரம். பெருக்கினால் 126 வருகிறது. நம் 100 கிகாபைட்டு ஞாயிறு பிற்பகலில் பாதிக்கு வந்து, திங்கள் காலையில் காலியாகியிருக்க வேண்டும். பூட்டிய அறையில், இருண்ட திரைக்குப் பின்னே, கேட்பார் யாருமின்றி ஒரு கச்சேரி நடந்தேறியிருக்கிறது.

இதன்பின் கூடிய பொதுக்குழு, "அறையை விட்டுச் செல்பவர் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டே செல்ல வேண்டும்" என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. நானும் கை தூக்கினேன். தூக்காமல் இருக்க எனக்கு முகமில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு நண்பர் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு, குச்சி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினார். அதன்பின் குச்சி, தன் சின்னத்தைத் திரையில் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. பழைய நிலைக்கு அழித்து மறுபடி அமைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. கடவுச்சொற்களைத் தேடியதில் இன்னொரு மாலை போயிற்று.

அணைக்காமல் விட்டதால் ஒரு நஷ்டம். அளவுக்கு மீறி அணைத்ததால் ஒரு நஷ்டம். பௌதிகம் படிக்கிறவன் என்ற முறையில் இது எனக்கு உறுத்தலாயிற்று. அணைத்தல் என்றால் என்ன?

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளை அருங்காட்சியகத்திலோ தாத்தா வீட்டுப் பரணிலோ பார்த்திருப்பீர்கள். குமிழைத் திருகினால் "டிக்" என்று ஓசை வரும். அந்த ஓசையுடன் மின்கம்பி உண்மையாகவே துண்டிக்கப்பட்டுவிடும். பெட்டி செத்தது என்றால் செத்ததுதான். ஆனால் மறுபடி உயிர்பெற அரை நிமிடத்துக்குக் குறையாமல் வேண்டும். வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறினால்தான் பாட்டு வரும். இந்தக் காத்திருப்பைப் பொறுக்காத அமெரிக்கர்கள் 1960களில் "உடனே தெரியும்" தொலைக்காட்சிகளை விற்றார்கள். அணைத்த பின்னும் இழையைச் சூடாகவே வைத்திருப்பதுதான் அதன் சூட்சுமம். அணைந்தது போலத் தோன்றி அணையாதிருக்கும் கலை அப்பொழுதே தொடங்கிவிட்டது.

அடுத்து ரிமோட் வந்தது. நாற்காலியை விட்டு எழாமல் பெட்டியை எழுப்ப வேண்டும் என்றால், நம் கட்டளையைக் கேட்க உள்ளே ஒருவன் விழித்திருக்க வேண்டும் அன்றோ? வீட்டார் எல்லோரும் உறங்கினும் வாசற்காவலன் உறங்கலாகாது. தொலைக்காட்சியின் காவலன் ஒரு சிறு அகச்சிவப்புக் கண். ரிமோட்டிலிருந்து வரும் ஒளித்துடிப்பு வினாடிக்கு ஏறக்குறைய 38,000 முறை மினுக்குவது. சூரிய ஒளியும் குழல்விளக்கும் அப்படி மினுக்குவதில்லை. ஆதலால் காவலன் தனக்குரிய அழைப்பைப் பிரித்தறிந்து மற்றவற்றைத் தள்ளிவிடுகிறான். தொலைவிலிருந்து எழுப்பத்தக்க எப்பொருளும் முற்றிலும் அணைந்த பொருளன்று என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

நம் குச்சியின் நிலை இன்னும் சிக்கலானது. அது தொலைக்காட்சியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒளியைப் பார்க்க வழியில்லை. ஆகவே அதன் ரிமோட் புளூடூத் என்னும் வானொலி அலையில் பேசுகிறது. உறங்கும் குச்சிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படத்தை அவிழ்த்துத் தரும் பகுதி நின்றுவிடுகிறது. கணிக்கும் மூளையின் கடிகாரத் துடிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் புளூடூத் காது திறந்தே இருக்கிறது. வைஃபைக் காதும் அவ்வாறே: ரூட்டர் வினாடிக்குப் பத்து முறைபோல் "நான் இருக்கிறேன்" என்று கூவிக்கொண்டிருக்கும், குச்சி இடையிடையே கண் விழித்து அக்கூவலைக் கேட்டுவிட்டு மறுபடி தூங்கும்.

எல்லாவற்றையும் விட விந்தையானது நினைவகம். அங்கே ஒவ்வொரு செய்தித் துணுக்கும் மிகமிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. நிற்கிறது என்பதும் பிழை, கசிந்துகொண்டே இருக்கிறது. ஓட்டைப் பானைகள் கோடிக்கணக்கில் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் வற்றுமுன் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்து, நிறைந்திருந்ததை மறுபடி நிறைக்க வேண்டும். இதை 64 மில்லிவினாடிக்குள் ஒரு சுற்று முடிக்க வேண்டும் என்பது சாதாரணமாகக் கடைப்பிடிக்கும் விதி. உறக்கத்தின்போது இவ்வேலையை நினைவகம் தானே பார்த்துக்கொள்ளுகிறது. அதனால்தான் பொத்தானை அழுத்திய இரண்டொரு வினாடியில், விட்ட இடத்திலிருந்து குச்சி விழித்தெழுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் பானைகள் யாவும் வற்றிவிடும். பிறகு முதல் எழுத்திலிருந்து எல்லாவற்றையும் படித்து எழ ஒரு நிமிடம்போல் ஆகும்.

நான் திரையை அணைத்தபோது குச்சி ஏன் உறங்கவில்லை? அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தொலைக்காட்சி வேறு, குச்சி வேறு. எதிர்வீட்டில் விளக்கணைந்தால் நம் வீட்டிலும் உறங்கிவிட்டார்கள் என்று ஆகுமா? இருவரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19 முனைகள் உள்ளன. பெரும்பாலானவை படத்தையும் ஒலியையும் குச்சியிலிருந்து திரைக்குச் சுமப்பவை. 13ஆம் முனை மட்டும், ஒருவர்க்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ள என்றே வைத்திருப்பது. அதன் வேகம் வினாடிக்கு 400 துணுக்குச் சொச்சம். பக்கத்துக் கம்பிகளில் வினாடிக்குக் கோடிகோடியாகத் துணுக்குகள் பாய்கையில் இது மட்டும் கட்டைவண்டியாக நகரும். ஆயினும் "நான் தூங்கப் போகிறேன், நீயும் தூங்கு" என்று சொல்ல அவ்வேகம் தாராளம். சி.ஈ.சி. என்பது இதன் பொதுப்பெயர். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பெயர் சூட்டியிருக்கிறது: சாம்சங்கில் எனிநெட், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பெயர்க் குழப்பத்தால் அமைப்புப் பட்டியலில் அதைக் கண்டும் பலர் கடந்துபோகிறார்கள். நம் அறைத் தொலைக்காட்சியில் அது மூடியே கிடந்தது. நானும் அதைப் பலமுறை கண்டு கடந்தவன்தான்.

குச்சிக்குத் தானாக உறங்கும் வழக்கமும் உண்டு. யாரும் தொடாமல் சும்மா இருந்தால் சிறிது நேரத்தில் கண்ணயரும். ஃபயர் டிவி வகையில் 20 நிமிடம் என்பது வழக்கம். ஆனால் படமோ பாட்டோ ஓடும்போது அது சும்மா இருப்பதாகாது. சில சேவைகள் "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று கேட்டு நிறுத்தும். நாங்கள் போட்ட நேரலையோ அந்த மரியாதை தெரியாதது.

இன்னொன்று: சிலர் சுவரில் இடமில்லை என்று தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே குச்சிக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். சில தொலைக்காட்சிகள் அணையும்போது அத்துளையையும் வெட்டிவிடும். அது உறங்கவைப்பதன்று, ஒவ்வோர் இரவும் கழுத்தை நெரிப்பது. துளை தரும் மின்னோட்டமும் பலவேளை போதாது.

இனி மின்கட்டணம். இவ்விஷயத்தில் எனக்கும் என் தந்தைக்கும் நெடுநாள் வழக்கு ஒன்றுண்டு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிலாய்க்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட அவர், இரவு 10 மணி அடித்தால் கூடத்துச் சுவர்ச் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் படுப்பார். "அணைச்சா முழுசா அணைக்கணும்டா, தூங்குறதுக்கு ஒரு பில்லா?" என்பது அவர் வாதம். காலை 5 மணிக்குப் பக்திப் பாட்டுக் கேட்க விழையும் அம்மாவோ, குச்சி முதல் எழுத்திலிருந்து படித்தெழும் வரை ஈரக் கையுடன் காத்து நிற்பார். தீபாவளி விடுமுறையில் அளந்துவிடுவது என்று கருவிகளுடன் போனேன். மலிவான பிளக் அளவுமானிகள் ஓரிரு வாட்டு அளவில் பொய் சொல்லும் என்பதால், குச்சியை 5 வோல்ட் பக்கத்திலே யு.எஸ்.பி. அளவுமானி கொண்டு அளந்து, அடாப்டரில் வீணாவதற்கும் சற்றுச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் குச்சி படம் காட்டுகையில் இரண்டு வாட்டுக்குச் சற்று மேலும், உறங்குகையில் ஏறக்குறைய ஒரு வாட்டும் எடுத்தது. நாளொன்றுக்கு 19 மணி நேரம் உறங்கினால் ஆண்டுக்கு 7 யூனிட்; யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 50 ரூபாய்க்குள். என் கட்சி வென்றது என்று மகிழ்ந்து, அதே பலகையில் இருந்த டி.டி.எச். பெட்டியையும் அளந்தேன். விழித்திருக்கையில் 9 வாட்டு, "உறங்குகையில்" 8! சிவப்பு விளக்கு எரிவதைத் தவிர அது எதையும் அணைக்கவில்லை. மாடியிலுள்ள டிஷ்ஷின் முனைக்கு அதே கம்பிவழியாக மின்சாரம் அனுப்பி, சந்தா விவரங்களையும் நிகழ்ச்சிப் பட்டியலையும் இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதே கணக்கில் ஆண்டுக்கு 55 யூனிட். 390 ரூபாய்ச் சுமார். ஆக, பெட்டி வழக்கில் அப்பா வென்றார். குச்சி வழக்கில் நான். தீர்ப்பைக் கேட்ட அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கடைக்குப் போய்த் தனிச் சுவிட்சுள்ள பலகை ஒன்று வாங்கிவந்து குச்சியை மட்டும் அதில் மாட்டினார். "உங்கம்மா நிக்குறா, அதுக்காக" என்றார்.

ஒரு வாட்டு அற்பம் என்று தோன்றலாம். வீடுகள் கோடிக்கணக்கில் இருப்பதால் அரசுகள் அவ்வாறு எண்ணவில்லை. உறங்கும் கருவி ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்னும் திட்டத்தைச் சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. அமெரிக்க அரசு தான் வாங்கும் கருவிகளுக்கு 2001இல் அதையொட்டி ஆணையிட்டது. ஐரோப்பாவில் 2010 முதல் ஒரு வாட்டும், 2013 முதல் அரை வாட்டும் வரம்பாயின. ஆனால் இணையத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே உறங்கும் கருவிகளுக்கு அரை வாட்டு போதாது என்று கண்டு, அவற்றுக்குத் தனியே உயர்ந்த வரம்பு வைக்க நேர்ந்தது. காவலனுக்கும் கூலி உண்டு.

ஆகவே நம் பொதுக்குழுத் தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். நாள்தோறும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். முதலில் ஓடுவதை நிறுத்தி முகப்புக்கு வரவேண்டும். குச்சியின் ரிமோட்டில் வீடு போன்ற படமுள்ள பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் சிறு பட்டியல் தோன்றும். அதில் உறக்கத்தைத் தேர்ந்தபின் தொலைக்காட்சியை அணைக்கலாம். ஆப்பிள் டிவி வைத்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள், திரை போன்ற படமுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும் பலகத்தில் அணைக்கும் குறியைக் காணலாம். 13ஆம் முனையின் பேச்சை நான் இப்பொழுது திறந்துவிட்டிருக்கிறேன். ஆயினும் ரூட்டரின் விளக்கு வேகமாக மினுக்குகிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. கோடை விடுமுறைக்கும் குளிர்கால விடுமுறைக்கும் போகும்போது மட்டும், குச்சியை உறங்கவைத்து, புதுப்பித்தல் எதுவும் நடக்கவில்லை என்று திரையிலேயே உறுதி செய்துகொண்டு, சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும். இடிமழைக் காலத்துக்கும் அதுவே விதி. மேல்தளக் கட்டடமாதலால் இதில் சோம்பல் கூடாது.

இவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சுவிட்சுப் பலகைக்குமேல் ஒட்டியிருக்கிறேன். அக்டோபர் மாதத்து 100 கிகாபைட்டுக்கான தொகையைச் செயலாளரிடம் செலுத்தி ரசீதும் பெற்றுக்கொண்டேன். சாவி இப்பொழுது என்னிடம் இல்லை.