குழாய் ரேடியோ காலம்

அப்பா மேலூரில் ரேடியோ செட்டு வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, திருவிழா எதுவானாலும் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி ரிக்கார்டு போடுவார். அரக்கில் செய்த பழைய 78 சுழற்சித் தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பாடும். ஊசியையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் ஹிட் பாட்டுக்கு வாராவாரம் பட்டியல் போட்டார்கள். எங்கள் ஊரில் கூட்டத்தின் குரல்தான் பட்டியல்: “அண்ணே, அதையே இன்னொருக்கா போடுங்க!”

எங்கள் மதுரைக்குக் குரல் வளம் அதிகம். 1916-இல் இங்கே பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடிவிட்டார். டி.எம். சௌந்தரராஜனும் மதுரைக்காரர்தான். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டை அப்பா தட்டு தேயத் தேயப் போட்டார்.

பிறகு கேசட் வந்தது. தட்டுகள் பரணுக்குப் போயின. உங்கள் வீட்டுப் பரணிலும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயில் படாமல், படுக்கவைத்து அடுக்காமல், நிமிர்த்தி வையுங்கள். இன்னும் பாடும்.