பெட்ரோலில் ஈயம் போச்சு, காற்றில் போகலை: பேட்டரி பட்டறை வேலைக்கு போறவங்க உஷார்!

பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுவதும் நின்று போச்சு. ஆனாலும் நகரத்து காற்றில் ஈயம் இன்னும் கலக்கிறது. முக்கிய காரணம், பழைய பேட்டரி.

கார், ஆட்டோ, இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருப்பது ஈயத்தகடு. அனுமதி பெற்ற ஆலையில்தான் உருக்க வேண்டும். ஆனால் கொட்டகை போட்டு, திறந்த அடுப்பில் உருக்குகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்த புகை மண்ணில் படியும். காற்றடித்தால் தூசியாக மறுபடி கிளம்பும்.

காற்றில் ஈயம் ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமை தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆனால் 'இவ்வளவு வரை உடம்புக்கு ஆபத்தில்லை' என்று ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெரியவங்களை விட குழந்தைங்க உடம்பு 4, 5 மடங்கு ஈயத்தை இழுக்கும். மூளை வளர்ச்சி கெடும், படிப்பு ஏறாது. 'மக்கு' என்று திட்டு வாங்கும் பையன் மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம். பெரியவங்களுக்கு ரத்தக்கொதிப்பு, கிட்னி கோளாறு வரும். எலும்பில் தங்கிய ஈயம், கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

பட்டறை சட்டையோடு வந்து பிள்ளையை தூக்கினால், தூசியும் கூடவே வீட்டுக்குள் வரும். வேலை இடத்திலேயே குளித்து, சட்டை மாற்றி வருவது நல்லது. வேலைத்துணியை தனியாக துவைக்கணும். மூக்கில் கட்டும் கர்ச்சீப் ஈயப்புகையை தடுக்காது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று டெஸ்ட் எடுத்து பார்க்கலாம்.