எத்தனை வாட் போதும்?

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் லாமிங்டன் ரோடு. கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்க்க நினைக்கும் மும்பைக்காரர்கள் தேடிப்போகும் கடைத்தெரு. மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. கல்லூரி மாணவரும் வருவார், மாஹிமில் ரயில் பிடித்துத் தாராவி இளைஞரும் வருவார். பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் நாள்கணக்கில் அலசியவர்கள்கூட, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டி விஷயத்தில் மட்டும் கேபினட்டோடு கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்வதுண்டு.

அங்கேதான் தவறு தொடங்குகிறது. கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் போவது அந்த இரும்புப் பெட்டி வழியாகத்தான். பாதுகாப்புச் சுற்று இல்லாத மலிவுப் பெட்டி எரியும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம்.

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். அதை முதலில் நேர்மின்சாரமாக்கி, விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியே அனுப்பி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்குகிறது எஸ்.எம்.பி.எஸ். அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்பார்மர் கையடக்கமாக இருக்க முடிகிறது.

இந்த மூன்றில் இன்று கனத்த வேலை 12 வோல்ட்டுக்கே. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1995-இல் இன்டெல் மதர்போர்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குமான ஏ.டி.எக்ஸ். வடிவத்தைக் கொண்டுவந்த காலத்தில் பிராசசருக்கான மின்சாரம் 5, 3.3 வோல்ட்டுகளிலிருந்து வந்தது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது நான்கு முள் கொண்ட தனி 12 வோல்ட் இணைப்பும் சேர்ந்தது. பிறகு கிராபிக்ஸ் கார்டுகளும் அதே வழிக்கு வந்தன. ஆகவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டைவிட, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்பதே முக்கியம். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18, வெறும் 216 வாட். மேலே '450' என்று போட்டிருந்தாலும் அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்டெல் ஐ5-12400எஃப் உச்ச வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., விசிறிகளுக்கு ஐம்பது அறுபது என்று வைத்தால் மொத்தம் 300-க்குள் அடங்கிவிடும். ஆனாலும் என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். கிராபிக்ஸ் கார்டுகள் நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தங்கள் அளவை மீறி மின்சாரத்தை உறிஞ்சும். அந்தத் திடீர்ப் பாய்ச்சலைத் தாங்க இடம் வேண்டும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிகள் இதையும் கணக்கில் கொண்டே எழுதப்பட்டவை. அதற்காக இந்தக் கணினிக்கு 1000 வாட் வாங்குவதும் வீண் செலவு.

'80 ப்ளஸ்' முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும். பாதிச் சுமையில் 'பிரான்ஸ்' (வெண்கலம்) ரகம் 85 சதவீதம், 'கோல்டு' ரகம் 90 சதவீதம் திறன் காட்ட வேண்டும். வீணாவது வெப்பமாகிறது. காற்றோட்டம் குறைந்த தாராவி அறைகளில், மே மாதப் புழுக்கத்தில், அந்த வெப்பம் பெட்டிக்குள்ளேயே சுழல்கிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். 85 டிகிரி கெப்பாசிட்டரை விட்டு 105 டிகிரி ரகம் உள்ளதாகத் தேடி வாங்குவது மும்பைக்கு மிக அவசியம்.

சூடு போக, மின்வெட்டையும் யோசிக்க வேண்டும். மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் மும்பையில் அது குறைவுதான். ஆனால் 2020 அக்டோபர் 12 காலை மாநகரமே இருண்டு, மின்ரயில்கள் நடுவழியில் நின்றன. செம்பூரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் யு.பி.எஸ். வாங்கினால் கவனிக்க ஒன்று உண்டு: பலரும் வாங்கும் 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) ரகம் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மின்சாரத்தை அலையோடு ஒத்திசைத்து இழுக்கும் 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' சுற்று உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் சில, மலிவு யு.பி.எஸ். தரும் சதுர அலை மின்சாரத்தில் நின்றுவிடுவதுண்டு. பியூர் சைன் வேவ் ரகத்தில் அந்தச் சிக்கல் இல்லை, விலைதான் கூடுதல்.