உங்களுக்குத் தெரியுமா? பரிசலில் ஒரு கேமரா

● ஆற்றின் நடுவில் இருந்து படமெடுக்கக் கயாக்தான் வேண்டும் என்பதில்லை. கோவை மாவட்டத்தில் காரமடை வழியாகப் பரளிக்காட்டுக்குப் போங்கள். பில்லூர் அணையில் பவானி தேங்கி நிற்கும் இடத்தில் வனத்துறை பரிசல் சவாரி நடத்துகிறது. துடுப்புப் போடுபவர்கள் அந்த மலைக்கிராமங்களின் பழங்குடி மக்கள். சவாரி வார இறுதியில்தான். முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

● பரிசலுக்கு முன்முனையும் கிடையாது, அடிக்கட்டையும் கிடையாது. அதனால் ஒவ்வொரு துடுப்புக்கும் கொஞ்சம் திரும்பும். குறிபார்த்து வைத்த மலை, பொத்தானை அழுத்துவதற்குள் ஓரத்துக்கு ஓடிவிடும். ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட நல்ல வழி, “கொஞ்சம் நிறுத்துங்ணா” என்று பரிசல்காரரிடம் கேட்பது. வெளிச்சம் எந்தக் கரையில் எப்போது விழும் என்பதும் அவருக்கு அத்துப்படி. எழுந்து நிற்பதும், படம் அழகாக வரட்டும் என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

● தண்ணீர் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கிறதா? நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது, அந்தப் பளபளப்பைப் போலரைசர் வடிகட்டி பெருமளவு விழுங்கிவிடும். லென்ஸ் முன்னால் அதை மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள்; ஓரிடத்தில் சட்டென்று கூச்சம் மறைந்து, கரையோரக் கூழாங்கற்கள் தெரியத் தொடங்கும். செல்போன்தான் கையில் இருக்கிறதா? போலரைஸ்டு கூலிங்கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்துத் திருப்பினாலும் இதே பலன் கிடைக்கும்.

● 1871இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவலின் கொலராடோ ஆற்றுப் பயணத்தில் ஜாக் ஹில்லர்ஸ் சேர்ந்தது துடுப்புப் போடத்தான். வழியிலேயே தொழில் கற்று, குழுவின் புகைப்படக்காரராக உயர்ந்தார். அன்று கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். கேமரா, தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாமே படகில்தான் போயின. இன்று சட்டைப்பையில் இருக்கும் கருவியை நினைத்தால் அந்த உழைப்பின் அருமை புரியும்.

● தண்ணீருக்குள்ளேயே படமெடுக்கும் நிக்கோனாஸ் கேமராவை நிக்கான் வெளியிட்டது 1963இல். அதன் மூலவடிவம் ஆழ்கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோவின் முயற்சியில் உருவானது.

● ஏசி காரில் இருந்து எடுத்த கேமராவை உடனே ஆற்றங்கரையில் திறந்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே சற்று நேரம் வெளியில் வையுங்கள்.

● பில்லூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 100 அடி. கோவை நகரின் பல பகுதிகளுக்குக் குடிநீர் போவது இங்கிருந்துதான். பரிசலில் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் கரையிலேயே இருக்கட்டும்; ஒரு காகிதம்கூட அந்த நீரில் விழ விடாதீர்கள்.