குழந்தையின் மொழி சொல் மட்டுமன்று

'உனக்கு என்ன கவலை, சொல்' என்று கேட்டால் பெரியவர்களே தடுமாறுவர். ஐந்து வயதுக் குழந்தை தலைகுனிந்து நிற்கும். அதைப் பிடிவாதம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

அமெரிக்க உளவியலறிஞர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை முன்வைத்தார். மொழி, தருக்கம், இசை, உடலியக்கம், வடிவ உணர்வு, பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு திறன்களை அவர் வகுத்தார். இயற்கையை அறிதல் பின்னர் சேர்ந்தது. வகுப்பறையில் அதிகம் பேசப்பட்ட இக்கோட்பாடு, குழந்தைகளை ஆற்றுப்படுத்துவதிலும் பயன்படக்கூடியது.

ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல்லாண்டுகளாகச் சமுதாய நலப் பணியாற்றி வருகிறது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் செல்வதே அதன் அடிப்படை. ஆற்றுப்படுத்துவோரும் அவ்வாறே குழந்தை இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய சிற்றூர் ஒன்றில், தாய் வேலைக்காக வெளியூர் சென்றபின் ஒரு சிறுமி வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டாள் எனக் கொள்வோம். காரணம் கேட்டால் பதில் வராது. கூழாங்கற்களைக் கொடுத்து 'இது உன் வீடு, யார் யார் எங்கே இருக்கிறார்கள்?' என்றால், ஒரு கல்லை அவள் தொலைவில் வைக்கக்கூடும். தாயைத் தேடிக் கத்தும் ஆட்டுக்குட்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், தன் ஏக்கத்தையே அவள் சொல்லக்கூடும். தாய் திரும்பும் நாள்வரை நாள்காட்டியில் கோடு போடுவது, எண்ணிக்கையில் ஆர்வமுள்ள குழந்தைக்கு ஆறுதல். வேறொரு குழந்தைக்குத் தாலாட்டோ ஓட்டமோ அப்பணியைச் செய்யும்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இக்கோட்பாட்டுக்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை என்று உளவியலாளர் பலர் கருதுகின்றனர். எனவே 'இவன் இசைக் குழந்தை, இவள் கணக்குக் குழந்தை' என முத்திரை குத்துவது தவறு. எட்டும் எல்லாக் குழந்தைகளிடமும் கலந்தே உள்ளன. அடுத்து, குழந்தையின் ஓவியத்தையோ விளையாட்டையோ கொண்டு நோயையோ குற்றத்தையோ தீர்மானிக்கக் கூடாது. அவை உரையாடலின் தொடக்கம் மட்டுமே. துன்புறுத்தலுக்கான ஐயம் எழுந்தால் தயங்காமல் 1098 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு சிற்றூருக்கும் உளவியலாளர் கிடைப்பது அரிது. அங்கன்வாடிப் பணியாளரும் தொடக்கப் பள்ளி ஆசிரியருமே குழந்தையை நாள்தோறும் காண்பவர்கள். கேள்வியை மாற்றிக் கேட்கும் பயிற்சியையும், பதிலுக்காகப் பொறுத்திருக்கும் நேரத்தையும் அவர்களுக்கு அளிப்பது அரசின் கடமை.