வங்கக் கரைகள் – 9: உப்புக்கும் ஓர் எல்லை

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி வடக்கே போகும் பேருந்தில் ஏறினால், சில நிமிடங்களில் மாநிலம் மாறிவிடும். புதுச்சேரிப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்பதால் பங்குகளில் தமிழ்நாட்டு எண் பலகைகள் வரிசை கட்டி நிற்கும். வரிசையாக வந்த மதுக்கடைகள் சட்டென்று நின்றுவிடும். அடுத்தது கோட்டக்குப்பம். காவலர் கை காட்டி, இருசக்கர வண்டியின் இருக்கையைத் தூக்கச் சொல்லி, பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார். இரு பக்கமும் அதே பேச்சு, அதே மீன், அதே உறவுகள். வரிதான் வேறு.

சென்ற வாரம் நாகப்பட்டினத்தில் நின்றோம். இந்த வாரம் இந்தச் சின்ன எல்லையில் நிற்கக் காரணம் உண்டு. ஒரு கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் அரசியல், சாதாரண மனிதரின் அடுப்பங்கரை வரை எப்படி வரும் என்பதை இந்தக் கோட்டில் நின்றால் பார்க்கலாம். இன்று பாட்டிலைத் தேடும் இடத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆள்வோருக்குத் தலைவலியாக இருந்த சரக்கு உப்பு.

லண்டனில் எழுதிய விலை

கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அங்கே விளையும் உப்பு கம்பெனியின் வரியைக் கட்டாமல் எல்லை தாண்டினால் ஏகபோகம் என்னாவது? 1815 மார்ச்சில் லண்டனில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்தன. பிரெஞ்சுப் பகுதி உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு; அதற்கு ஈடாகப் பிரான்சுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-இல் அடுத்த ஒப்பந்தம் வந்தது. பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதே நின்றது. அளத்துக்காரர்களின் இழப்புக்கு ஆண்டுக்கு 4,000 வராகன். கடலுக்கு முன்னால் குடியிருந்தவர்கள், பக்கத்து அரசு அனுப்பும் உப்பில் கஞ்சி குடிக்க வேண்டியதாயிற்று.

கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே மரக்காணம் போய்ப் பாருங்கள், அந்த ஒப்பந்தம் எதைப் பறித்தது என்று தெரியும். மழை விட்டு, தை பிறந்ததும் அளத்தில் வேலை தொடங்கும். இளகிக் கிடக்கும் களித்தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். உவர்நீர் பாத்தி விட்டுப் பாத்தி மாறி, வெயிலில் அடர்த்தி ஏறி, கடைசிப் பாத்தியில் வெள்ளையாகப் பூக்கும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அதை வாரி வரப்போரம் குவிப்பார்கள். மழை வருமுன் அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவார்கள். உப்பு அரித்த பாதங்களில் வெடிப்பு ஆறுவதே இல்லை. அந்தப் பாதங்களின் உழைப்பை இரண்டு தூர தேசத்து அரசுகள் தொகையாக எழுதிக்கொண்டன.

படை போனது, வணிகர் நின்றார்

இதே கரையைப் பற்றி கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். ‘எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்’ நூலில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகள் அடுத்தடுத்து வரும். கமரா காவிரிப்பூம்பட்டினம், பொதுகே புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேடு, சோபட்மாவை மரக்காணம் என்பர், சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் அதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கோட்டக்குப்பம் இவற்றில் பின்னிரண்டு துறைகளுக்கும் நடுவே இருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற உருளி அலங்காரப் பானைகள் பாலித் தீவின் செம்பிரான் வரை கிடைத்துள்ளன. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போய், வாடையில் திரும்பும் கணக்கு இந்தக் கரைக்கு அவ்வளவு பழக்கம்.

அந்தப் பழக்கத்தில் போரும் உண்டு. ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்ப, இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை வழங்கினான். அவன் மகன் இராசேந்திரன் 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பினான். இருபது ஆண்டுக்குள் நட்பு பகையானது. ஆனால் 1088-இல், சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு பொறித்து நிற்கிறது! அரசர்கள் கிழித்ததை வணிகர் மெல்லத் தைத்திருக்கிறார்கள். மலாய் மொழியில் கப்பல் ‘காபால்’, கடை ‘கெடாய்’, முதல் ‘மோடால்’. தைத்த நூல் இன்றும் அவர்கள் நாக்கில் இருக்கிறது.

சைகோன் தெரு

பிற்காலத்தில் அந்தத் தையலைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் நாகூர் ஆண்டவருக்கு சிங்கப்பூரில் 1828–30-இல் நினைவு தர்கா எழுந்தது. பிரெஞ்சுக்காரர் சைகோனைப் பிடித்த பிறகு புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து மக்கள் அங்கே உத்தியோகத்துக்கும் துணிக்கடைக்கும் வட்டித் தொழிலுக்கும் போனார்கள். ‘சபர் (பயணம்) போயிருக்கார்’ என்ற ஒரு சொல்லில் ஒரு வீட்டின் பத்து வருஷக் காத்திருப்பு அடங்கிவிடும். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் சைகோனில் கட்டிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது. அங்கிருந்து வந்த ‘நெம்’ புதுச்சேரியில் சுடச்சுடப் பொரிகிறது. ரங்கூனிலிருந்து வந்த ‘அத்தோ’ சென்னைக் கடற்கரைச் சாலையோரத்தில் கிண்ணத்தில் விழுகிறது.

இந்தத் தின்பண்டங்களுக்குப் பின்னால் துயரம் இருக்கிறது. தமிழகம் உண்ட அரிசியில் ஒரு பங்கு ஐராவதிச் சமவெளியில் விளைந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. பிழைக்கப் போன தமிழர் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். வழியில் விழுந்தவர்கள் ஏராளம். மறு ஆண்டு வங்காளத்தில் பல லட்சம் பேரைப் பஞ்சம் தின்றது. அதற்குக் காரணங்கள் பல. பர்மா அரிசி நின்றதும் அவற்றில் ஒன்று. அறுபதுகளில் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது மறுபடி மூட்டை முடிச்சு. 1975-க்குப் பின் சைகோனிலும் அதே கதை.

கோட்டக்குப்பத்துக் கோடும் இதற்குள் பல முகம் காட்டியது. 1949-இல் இந்தியா பிரெஞ்சுப் பகுதியுடனான சுங்க உடன்பாட்டை முடித்ததும் இது சுங்கச் சோதனை எல்லை. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடிகளாக இருந்தவர்களுக்கு எந்தக் குடியுரிமை என்று தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. ஒரே தெருக்காரர்களில் சிலர் பாரிஸ் வாக்காளர்களாகவும் சிலர் ரேஷன் அட்டைக்காரர்களாகவும் ஆனது அப்படித்தான்.

சாமானியனுக்கு ஒரு கப்பல்

வங்கக் கடல் நாடுகள் பேசாமல் இல்லை. 1997-இல் பாங்காக்கில் தொடங்கிய ‘பிம்ஸ்டெக்’ அமைப்பில் இன்று ஏழு நாடுகள். 2025 ஏப்ரலில் கடல் போக்குவரத்து ஒப்பந்தமும் கையெழுத்தானது. நல்லது. ஆனால் ஒருகாலத்தில் சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜுலா’ போனது. அடுத்து ‘சிதம்பரம்’ போனது; 1985 தீ விபத்தோடு அந்தப் பாதை முடிந்தது. கூலிக்காரரும் ஊறுகாய் ஜாடி கொண்டுபோகும் தாயும் ஏறக்கூடிய கப்பல் அவை. 2023 அக்டோபரில் நாகை–காங்கேசன்துறை கப்பல் புறப்பட்டபோது நான் மகிழ்ந்தது அதனால்தான். அது தட்டுத்தடுமாறியே ஓடுகிறது. ஓடவே வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பெரிய சரக்குக் கப்பலுக்கு ஒப்பந்தம் போடும் அரசுகள், மீனவனையும் அளத்துக்காரனையும் அந்த மேசைக்கு அழைக்கட்டும். 1818-இல் அழைத்திருந்தால், உப்புக்கு முன்னால் உட்கார்ந்து உப்புக்குக் கையேந்தும் நிலையை எந்தப் புதுச்சேரிக்காரர் ஒப்புக்கொண்டிருப்பார்?

மரக்காணத்திலிருந்து திரும்பும்போது ஒரு பொட்டலம் கல்லுப்பு வாங்கிவந்தேன். கோட்டக்குப்பத்தில் காவலர் பையைத் திறந்து பார்த்தார். “உப்பா?” என்று கேட்டுவிட்டு, போகச் சொன்னார்.

(அடுத்த வாரம்: பாருஸ் – சூடம் மணக்கும் கரை)