பதில் போட்டும் மதிப்பெண் ஏன் குறைகிறது?

ஏர்பிஎன்பி-யில் வீட்டைப் போட்டிருப்பவர்களுக்கு ஏப்ரல் 1 பரீட்சை ரிசல்ட் நாள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் அந்த நிறுவனம் கடந்த ஓராண்டுக் கணக்கைப் பார்த்து ‘சூப்பர்ஹோஸ்ட்’ பட்டத்தைக் கொடுக்கிறது, அல்லது பிடுங்கிக்கொள்கிறது. மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கோடை சீசனை ஒட்டி வரும் இந்தத் தவணைதான் முக்கியம். அதனால்தான் இந்த வாரக் கடிதங்களில் கொடைக்கானலும் ஏற்காடும் அதிகம். கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: “கேட்ட அன்றைக்கே பதில் போட்டேன். அப்புறமும் ரெஸ்பான்ஸ் ரேட் குறைந்தது எப்படி?”

பட்டத்துக்கான மற்ற நிபந்தனைகளில் குழப்பமில்லை. குழப்புவது, 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாத இந்த ரெஸ்பான்ஸ் ரேட்தான். புதிதாகக் கேட்கிறவருக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எதைப் ‘பதில்’ என்று கணக்கில் எடுக்கிறார்கள்?

வட்டக்கானலில் இரண்டு அறை வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வருகிறது: “ஹாய், மே 2 டு 4 கிடைக்குமா? 9 பேர். கேம்ப் ஃபயர் உண்டா? லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க.” காலையில் எழுந்ததும் உரிமையாளர் எழுதுகிறார்: “6 பேருக்குத்தான் இடம். குழந்தைகள் எத்தனை பேர்?” பொறுப்பான பதில்தான். வந்தது வெறும் விசாரணை என்றால் இந்த ஒரு வரியோடு கடிகாரம் நின்றுவிடும். அதே ஆள் புக்கிங் கோரிக்கையாக அனுப்பியிருந்தால் நிற்காது; ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்ற இரண்டில் ஒன்றை அழுத்தியாக வேண்டும். குழந்தைகள் கணக்கைப் பேசி முடிப்பதற்குள் 24 மணி நேரம் ஓடிவிட்டால், பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் பதிலே சொல்லாதவர் பட்டியலில்தான் சேர்ப்பார்கள். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் சிக்கியது இங்கேதான்.

விருந்தினரை அக்கறையாகக் கவனிப்பவருக்கான அங்கீகாரம் என்று நிறுவனம் இந்தப் பட்டத்தைச் சொல்கிறது. ரெஸ்பான்ஸ் ரேட் அக்கறையை அளப்பதாக எனக்குத் தெரியவில்லை. விசாரணைக்கு “ம், பார்க்கலாம்” என்று எழுதினாலும் முழு மதிப்பெண். வீட்டைப் பற்றி விவரமாக எழுதி இருபத்தைந்தாவது மணி நேரத்தில் அனுப்பினால் பூஜ்யம். முதல் பதிலுக்குப் பிறகு விருந்தினர் கேட்கும் கேள்விகளை நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டாலும் இந்தக் கணக்கில் ஒன்றும் குறையாது.

இன்னும் உறுத்துவது சதவீதக் கணக்கு. ஆண்டுக்கு 400 விசாரணை வரும் வில்லா கம்பெனி 40-ஐத் தவறவிட்டாலும் 90 சதவீதத்தில் நிற்கும். அங்கே மெசேஜ் பார்க்கவே சம்பளத்துக்கு ஆள் உண்டு. 40 விசாரணை மட்டுமே வரும் ஒற்றை வீட்டுக்காரர் ஐந்தாவதைத் தவறவிட்டாலே 87.5-க்கு இறங்கிவிடுவார். மழையில் டவர் போனது, கரண்ட் போனது எல்லாம் கடிகாரத்துக்குத் தெரியாது.

ஆகவே கோரிக்கை வந்தால், பேச்சு முடியாவிட்டாலும் நேரம் தீருவதற்குள் முடிவெடுங்கள். மறுத்தாலும் அது பதில்தான். ரெஸ்பான்ஸ் ரேட் குறையாது.

கடிகாரத்தை நிறுத்தியாயிற்று, வருகிறவருக்கு என்ன எழுதுவது? புகைப்படத்தில் தெரியாததை எழுதுங்கள். கடைசி அரை கிலோமீட்டர் ஜீப் மட்டும்தான் ஏறும் என்றால் அதை. கீசர் இன்வர்ட்டரில் ஓடாது என்றால் அதை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. இ-பாஸ் சும்மா ஒரு பதிவுதான் என்று அதிகாரிகள் சொல்லிவந்த காலம் அதோடு முடிந்தது. இதைப் பணம் கட்டும் முன்பே சொல்லிவிட்டால், செக்போஸ்டில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் போட மாட்டார்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதையும் அதே மெசேஜில் சேர்த்துவிடுங்கள்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

போன் நம்பர் அனுப்பினால் ஏன் மறைந்துவிடுகிறது? புக்கிங் உறுதியாகும்வரை தொடர்பு விவரங்களை நிறுவனம் மறைக்கிறது. பாதுகாப்புக்காக என்கிறார்கள், அதில் அவர்களுடைய கமிஷனின் பாதுகாப்பும் அடக்கம்.

முன்-ஒப்புதல் கொடுத்தால் அந்தத் தேதி அவருக்குத்தானா? இல்லை, 24 மணி நேரம் செல்லும், ஆனால் அதற்குள் வேறொருவர் முந்திக்கொள்ளலாம்.

“லாஸ்ட் பிரைஸ்” கேட்பவருக்கு? குறைக்க மனமிருந்தால் ‘ஸ்பெஷல் ஆஃபர்’ ஆக அனுப்புங்கள், வாய்ச்சொல்லாக வேண்டாம்.

வெளிநாட்டவர் விசாரித்தால்? பாஸ்போர்ட், விசா நகல் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் ஆன்லைனில் பதிய வேண்டியது உங்கள் பொறுப்பு.

ராணுவ அதிகாரி என்று சொல்லி, அட்வான்ஸ் அனுப்புவதாக க்யூஆர் கோடு அனுப்புகிறாரே? ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.